சுரண்டாமல் விட்ட ஒரு சாண்

ஐஸ்காரர் தன் வேனுக்கு ஆயில் மாற்றுகிற அழகைப் பார்த்தால், ஆளை மேஜையில் கிடத்தி ஆபரேஷன் பண்ணப் போகிறார் என்றுதான் நினைக்கத் தோன்றும். அரை மணி நேர வேலைக்கு அரை நாள் அமர்க்களம். தெருவில் அதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் கிடையாது. சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று அவர் தன் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பார்.

முதலில் வேனை ஐஸ் கிடங்கின் முற்றத்தில், சிமெண்டுத் தரை மட்டமாக இருக்கும் இடமாகப் பார்த்து நிறுத்துவார். மண்ணில் நிறுத்தினால் ஜாக்கி புதையும், சரிவில் நிறுத்தினால் வண்டி நகரும். எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, பத்து நிமிடம் சும்மா உட்காருவார். ஆயில் இளகவும் வேண்டும், கையைப் பொசுக்கவும் கூடாது. பிறகு பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் நாலு மரக்கட்டை. ஜாக்கியால் முன்பக்கத்தைத் தூக்கி, இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு கொடுத்து, வண்டியை அதன்மேல் இறக்கி, இரண்டு கையாலும் ஓர் உலுக்கு உலுக்கிப் பார்ப்பார். அதோடும் விடமாட்டார். மாற்றுச் சக்கரத்தை எடுத்து வந்து வண்டிக்கு அடியில் படுக்க வைப்பார். மற்றதெல்லாம் கைவிட்டாலும் அந்தச் சக்கரத்தின் கனத்துக்காவது மனுஷனுக்கு இடம் மிஞ்சும் என்பது அவர் கணக்கு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகிற எவனையும் அவர் புத்தியுள்ளவனாக மதித்ததில்லை.

இத்தனையும் அவராகக் கற்றுக்கொண்டது என்று நினைத்தால் தப்பு. கல்யாணம் ஆன புதிதில் இதே மகாராஜா நாலு செங்கல்லை அடுக்கி, அதன்மேல் அப்போதிருந்த பழைய வண்டியை ஏற்றிவிட்டு அடியில் படுத்தவர்தான். அவர் மனைவி அப்போது ஐஸ் உடைக்கும் மிஷினில் நின்றிருந்தாள். பார்த்த மாத்திரத்தில் மிஷினை நிறுத்திவிட்டு வந்து, இரண்டு காலையும் பிடித்து அவரை வெளியே இழுத்துப் போட்டாள்.

"சாகறதா இருந்தா காலையிலேயே சொல்லிடுங்க. ஒரு ஆளுக்கு மட்டும் ஆக்கி வெப்பேன்" என்றாள்.

அன்றைக்குப் பிடித்தது. அதன்பிறகு இருபத்தாறு வருஷம், அவர் தலை வண்டிக்கு அடியில் போவதற்கு முன்னால் அவள் வந்து நிற்பாள். இடுப்பில் கை. கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"கட்டை வெச்சீங்களா?"

"வெச்சேன்."

"பாத்து வெச்சீங்களா, பாக்காம வெச்சீங்களா?"

"கண்ணுல விளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாத்து வெச்சேன் தாயே, போ."

அவள் குனிந்து நாலு கட்டையையும் காலால் ஓர் உதை உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் மிஷினுக்குத் திரும்புவாள்.

ஐஸ் வண்டிக்கு எமன் துருதான். மீன் துறைக்கு ஐஸ் பார் ஏற்றிப் போகும்போது உருகுகிற தண்ணீர் பூராவும் பலகை இடுக்கு வழியாக அடியில் இறங்கும். திரும்பி வரும்போது காலிக் கூடைகளின் உப்புத் தண்ணீர் இறங்கும். துறைச் சாலையே வருஷம் பூராவும் கடல் ஈரத்தில் ஊறிக் கிடக்கும். அந்தச் சாலையில் ஓடுகிற வண்டிகள் ஐந்தாறு வருஷத்தில் அடி பொத்தலாகி உட்கார்ந்துவிடும். ஐஸ்காரரின் வேனுக்கு வயது பத்தொன்பது. காரணம், வருஷத்துக்கு இரண்டு முறை ஆயில் மாற்றும்போது, பழைய ஆயில் தட்டில் சொட்டி முடிகிற வரைக்கும் அவர் சும்மா இருக்கமாட்டார். ஆயிலை வடியவிடுகிற டிரெயின் போல்ட் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, பழைய பூச்சு எங்கெல்லாம் பொருமியிருக்கிறதோ அங்கெல்லாம் சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு இரும்பு வெளுக்கிற வரைக்கும் தேய்ப்பார். பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, சிவப்புப் பூச்சு ஒரு கை. அதன்மேல் தார் மாதிரி கருப்புப் பூச்சு ஒரு கை.

"துரு மேலயே பூசக்கூடாது. அது துருவுக்குக் குளிருதேன்னு போர்வை போத்திவிடற மாதிரி. உள்ள சுகமா வளரும்" என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வார். வாயால் சொன்னவர் அவர்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் வந்து கேட்ட கடைசித் தடவை நடந்தது இது. ஐஸுக்கு ஆர்டர் குவிந்திருந்த நாள். அவர் ஆயிலை வடியவிட்டு, சுரண்டி, கருப்புப் பூச்சைப் பூசி முடித்திருந்தார். பூச்சு இன்னும் ஈரம். மனைவி வந்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தாள்.

"ஒவ்வொரு தடவையும் மிஷின நிறுத்திட்டு ஓடி வந்து கேக்க என்னால முடியாது. கொஞ்சம் நகருங்க" என்றாள்.

"எதுக்கு? சேலையெல்லாம் கருப்பாயிரும்."

"ஆனா ஆகட்டும், நகருங்க."

அவர் பக்கத்திலேயே மல்லாந்து படுத்துக்கொண்டாள். டிரைவர் பக்கத்துச் சட்டத்தில், படுத்தால் சரியாக முகத்துக்கு நேரே வருகிற இடத்தில், ஈரப் பூச்சுமேல் ஆள்காட்டி விரலை அழுத்தி எழுதினாள். கட்டை வெச்சீங்களா. கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டாள். அவள் போடும் கேள்விக்குறி தூண்டில் முள் மாதிரி இருக்கும். எழுதிவிட்டு விரலை அவர் மூக்கில் துடைத்தாள்.

"இனிமே இதப் பாத்துப் பதில் சொல்லிக்கோங்க. எனக்கு வேலை கெடக்கு."

அதன்பிறகு ஐந்து மாதம்கூட இல்லை. வயிற்றில் வலி என்று படுத்தவள், பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு நாள் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள்.

அவள் போனபிறகு அவர் முதல்முறை ஆயில் மாற்றப் படுத்தபோது, எழுதியது நினைவிலேயே இல்லை. வழக்கம்போல் கட்டை, ஸ்டாண்டு, சக்கரம் எல்லாம் வைத்துவிட்டு, கேட்க ஆளில்லாமல் ஒரு நிமிடம் நின்றுவிட்டு, அடியில் போய் டார்ச்சைத் திருப்பினார். முகத்துக்கு ஒரு முழம் மேலே அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். மனுஷன் அங்கேயே வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். ஆயில் பூராவும் சொட்டி, தட்டு ஆறிப்போய்க்கூட வெளியே வரவில்லை. வருவதற்கு முன்னால், "வெச்சேன்" என்றார்.

அன்றைக்கு வண்டியின் அடி முழுக்கச் சுரண்டிப் பூசியவர், அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் தொடவில்லை. அடுத்த ஆறு மாதத்திலும் தொடவில்லை. அதற்கடுத்தும் இல்லை. எழுத்தில் அடைந்த சேற்றை உலர்ந்த துணியால், குழந்தை காதைத் துடைக்கிற மாதிரி துடைத்துவிட்டு, சுற்றிலும் பூசிக்கொண்டு வந்தார். மூன்று வருஷத்தில் ஆறு தடவை. யாரிடமும் சொல்லவில்லை. சொந்த மகளிடம்கூடச் சொல்லவில்லை. முதலில் சொல்ல நா எழவில்லை. அப்புறம் அது தன்னுடையது மட்டும் என்று ஆகிவிட்டது. இதற்குச் சுயநலம் என்றுதான் பெயர். நான் சுற்றி வளைக்க விரும்பவில்லை.

அந்த மகள்தான் இப்போது வேன் ஓட்டுகிறாள். அம்மா போனதும் தான் பார்த்துக்கொண்டிருந்த ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு கிடங்குக்கு வந்தவள். தினமும் விடிந்ததும் நாற்பது ஐஸ் பாரை ஏற்றிக்கொண்டு துறைக்கு இறங்குவாள். துறைச் சாலை செங்குத்தான இறக்கம். இறக்கத்தின் அடியில் மீன் கூடைக்காரிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு சனிக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள் சொன்னாள்.

"அப்பா, பிரேக் பெடல் கொஞ்சம் ஆழமா போற மாதிரி இருக்கு."

"ஆயில் கொறஞ்சிருக்கும். நாளைக்கு ஆயில் மாத்தறப்ப அதையும் பாத்துடறேன்."

"போன மாசமும் ஊத்துனீங்களே?"

"பாக்கறேன்னு சொன்னேன்ல" என்றார். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. பிரேக் ஆயில் காபி இல்லை, யாரும் குடித்துவிட்டுப் போக. அது குறைகிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. இது அவருக்குத் தெரியாததல்ல.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாச் சடங்கும் முறைப்படி நடந்தது. டிரெயின் போல்ட்டைக் கழற்றினார். கருத்த ஆயில் தட்டில் விழத் தொடங்கியது. டார்ச்சை எடுத்துக்கொண்டு பிரேக் குழாய் போகிற வழியெல்லாம் தடவிக்கொண்டே வந்தார். நான்கு சக்கரத்துக்கும் போகிற பழைய காலத்து ஒற்றைக் குழாய் அது. ஓர் இடத்தில் ஓட்டை விழுந்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு. குழாய் எங்கும் உலர்ந்து சுத்தமாக இருந்தது. டிரைவர் பக்கத்துச் சட்டத்தில் மட்டும் அது அவள் எழுத்துக்கு அடியில், பூச்சுக்குள்ளே புகுந்து போனது.

கேள்விக்குறியின் வளைவில் ஒரு சொட்டு ஈரம் நின்றது.

விரலில் தொட்டுப் பார்த்தார். வழவழப்பு. மோந்து பார்த்தார். எஞ்சின் ஆயில் இல்லை, தண்ணீரும் இல்லை. பிரேக் ஆயில்தான். சுரண்டியை எடுத்து, அதன் முனையைக் கேள்விக்குறிக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்த கை வைத்தபடி நின்றது. அழுத்தவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தார் என்று அவருக்கே தெரியாது.

பிறகு அவர் செய்ததைச் சொல்லத்தான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. சுரண்டியைக் கீழே வைத்தார். ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்தார். எழுத்தின் ஓரத்தில், ஈரம் வந்த இடத்தில், கருப்புப் பூச்சைத் தொட்டு ஒரு கோடு இழுத்து அடைத்தார். போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு முறுக்கினார். புது ஃபில்டரின் ரப்பரில் ஆயில் தடவி மாட்டினார். எஞ்சினுக்குப் புது ஆயில் ஊற்றினார். பிரேக் ஆயிலை மேல் கோடு வரைக்கும் நிரப்பி, குழாயில் அடைந்த காற்றை எடுத்து, பெடலை மிதித்துப் பார்த்தார். கெட்டியாக நின்றது. பழைய ஆயிலை ஒரு சொட்டுகூடத் தரையில் சிந்தாமல் கேனில் ஊற்றி மூடினார். சிந்தாத பெரிய மனுஷன்.

"என்னப்பா, எல்லாம் சரிதான?" என்றாள் மகள்.

"எல்லாம் சரி."

திங்கட்கிழமை கடைக்குப் போய் அதே அளவில் புது பிரேக் குழாய் வாங்கிவந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிடுவது என்று முடிவு. ஆறு நாள்தானே. இந்த ஆறு நாளில் தினம் ஒருமுறை அடியில் படுத்து அவளைப் பார்த்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை சுரண்ட மனசு வந்துவிடும் என்று நினைத்தார். குழாயைப் பழைய பேப்பரில் சுற்றி, சாக்குகளுக்கு அடியில் வைத்தார்.

வியாழக்கிழமை காலை போன் வந்தது. போனில் பேசியவர் பட்டறைக்காரர். எதைக் கண்டாலும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்க்கிறவர் என்பதால் டொக்கு என்று அவருக்குப் பெயர். துறை இறக்கத்தில்தான் அவர் பட்டறை.

"பொண்ணு நல்லா இருக்கு. மொதல்ல அதக் கேட்டுக்கோங்க. வண்டிதான் செவுத்துல மோதிருச்சு. உடனே கெளம்பி வாங்க."

ஐஸ்காரர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

சாலை முழுக்க ஐஸ். உடைந்த பார்கள் வெயிலில் உருகி, இறக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தன. வேன் டொக்குவின் பட்டறைக்கு எதிர்ச் சுவரில் மூக்கைக் குத்தி நின்றது. அதற்குப் பத்தடி தள்ளிக் கூடைக்காரிகள் கூட்டமாக நின்று ஒரே குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். மகள் கவிழ்த்துப் போட்ட கூடைமேல் உட்கார்ந்து, இடது மணிக்கட்டில் ஐஸ் துண்டு ஒன்றைத் துணியில் சுற்றிப் பிடித்திருந்தாள். மணிக்கட்டு மணிக்கட்டு மாதிரியே இல்லை.

"மூணு தடவ மிதிச்சேம்பா. பெடல் தரையோட தரையா போயிருச்சு. ஹேண்ட் பிரேக் புடிச்சும் நிக்கல. கீழ இவங்கெல்லாம் உக்காந்திருக்காங்க. அதான் செவுத்துப் பக்கம் ஒடிச்சுட்டேன். பின்னாடி இருந்த பாரெல்லாம் பலகைய ஒடச்சுக்கிட்டு வந்து கையில விழுந்துருச்சு."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கெழமதான் நீங்க அடியெல்லாம் பாத்தீங்க. நீங்க பாத்த வண்டி இப்படி ஆகாது. நான்தான் எதையோ தப்பா மிதிச்சுட்டேன் போல" என்றாள் மகள். "உங்களுக்கு வேற வேலை வெச்சுட்டேன். கோவமாப்பா?"

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அவர் தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினார்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டு, ஆறு வாரம் கையை அசைக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மத்தியானம் டொக்கு வேனைக் கட்டி இழுத்துவந்து கிடங்கு முற்றத்தில் விட்டார். ஐஸ்காரர் கட்டை வைத்தார். ஸ்டாண்டு வைத்தார். அடியில் போனது டொக்கு. மகள் கட்டுப் போட்ட கையோடு படியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே போய்ப் படு என்று சொல்லியும் கேட்கவில்லை.

அடியிலிருந்து சுத்தியல் சத்தம் வந்தது. டிங், டிங், டிங் என்று வரிசையாக வந்துகொண்டிருந்தது, ஓர் இடத்தில் டொக் என்று செத்து விழுந்தது. திரும்பவும் அதே இடத்தில் தட்டினார். டொக்.

"இங்கதான்" என்றார் உள்ளேயிருந்து. "ஏங்க, மத்த இடமெல்லாம் நேத்து வாங்குன வண்டி மாதிரி வெச்சிருக்கீங்க. இந்த ஒரு சாண் மட்டும் எப்படி விட்டீங்க? எதோ கிறுக்கி வேற இருக்கு. விரல வெச்சு அழுத்துன எடத்துல பூச்சு மெலிசு. அதுல தண்ணி நின்னு, உள்ள ஏறி, சட்டத்தையும் தின்னு குழாயையும் தின்னிருச்சு. மேல ஒரு கோடு புதுசா வேற பூசியிருக்கு. அதான் ஒழுகறது கண்ணுக்குத் தெரியல." வெளியே தலையை நீட்டினார். "சட்டத்துக்கு ஒரு தகடு வெச்சு வெல்டு அடிச்சுக்கலாம். குழாய் புதுசு வேணும். இந்த அளவு கெடைக்கறது கஷ்டம். நாளைக்குத்தான் தேடணும்."

ஐஸ்காரர் எழுந்தார். அவரை யாரும் கேட்கவில்லை. சும்மா இருந்திருந்தால் இன்னொரு பொய்யோடு போயிருக்கும். ஆனால் கால் தானாகக் கிடங்குக்குள் போனது. சாக்குகளைத் தள்ளி, பேப்பரைப் பிரித்து, புதுக் குழாயைக் கொண்டுவந்து டொக்குவின் பக்கத்தில் வைத்தார்.

மகள் குழாயைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"இது எப்ப வாங்குனீங்க?"

"திங்கக்கெழம."

அவள் விரல்விட்டு எண்ணவில்லை. ஆனால் எண்ணுகிறாள் என்று முகத்தில் தெரிந்தது.

"அப்ப ஞாயித்துக்கெழமயே தெரியும்."

"தெரியும்மா."

"தெரிஞ்சும் எல்லாம் சரின்னு சொன்னீங்க. மூணு நாள் அந்த எறக்கத்துல நான் எறங்குனேன். நாலாவது நாளும் எறங்குனேன். நான் தப்பா மிதிச்சுட்டேன்னு சொன்னப்பகூட வாயத் தெறக்கல."

டொக்கு சுத்தியலை இடுப்பில் சொருகிக்கொண்டு, வெல்டிங் சாமான் எடுத்து வருகிறேன் என்று எதையோ முணுமுணுத்துவிட்டுப் போனார். நல்ல மனுஷன், எப்போது போக வேண்டும் என்று தெரிந்தவர்.

"ஏன்பா?" என்றாள் மகள்.

அவர் டார்ச்சை எடுத்து அவளிடம் நீட்டினார். "படுத்துப் பாரு" என்றார்.

ஒரு கையை ஊன்றி, மாவுக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மெல்ல மெல்ல அவள் வண்டிக்கு அடியில் போனாள். அவர் வெளியே நின்றார். அவளுடைய கால் இரண்டும் மட்டும் தெரிந்தன. முதலில் கால் அசைந்துகொண்டிருந்தது. பிறகு அசையவில்லை. கொஞ்சம் கழித்து உள்ளேயிருந்து சத்தம் வந்தது. அழுகையா மூச்சா என்று சொல்ல முடியாத சத்தம்.

அவரும் பக்கத்தில் போய்ப் படுத்தார்.

"அம்மா கையெழுத்து" என்றாள்.

"ஆமா."

"எப்ப எழுதுச்சு?"

"அவ இருந்தப்ப கடைசியா பூசினப்ப. மிஷின நிறுத்திட்டு வர முடியலன்னு."

"மூணு வருஷமா நான் இதுக்கு மேல உக்காந்து ஓட்டிக்கிட்டு இருக்கேன். தெனமும். எனக்கு ஒரு வார்த்த சொல்லல." டார்ச்சை அவர் முகத்துக்குத் திருப்பினாள். "அம்மா ஐஸ் கணக்கு எழுதுன பழைய நோட்டக் கேட்டப்ப என்ன சொன்னீங்க? கரையான் அரிச்சிருச்சு, அவ கையெழுத்துன்னு ஒண்ணுமே இல்லன்னு சொன்னீங்க. நான் நம்புனேன்."

"சொல்ல முடியலம்மா. யாருக்காச்சும் சொன்னா, சுரண்டச் சொல்வாங்கன்னு பயம்."

"நான் சொல்வேன்னு பயந்தீங்களா?"

"நீதான் சொல்லுவ. ஓட்டறது நீதான."

அவள் திரும்பிப் படுத்து, நல்ல கையால் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்து எழுத்தைப் படம் பிடித்தாள். திரையில் கருப்புதான் தெரிந்தது. கருப்பில் கருப்பால் எழுதிய எழுத்து. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து மறுபடி எடுத்தாள். வெளிச்சம் ஒரு வெள்ளைத் திட்டாக விழுந்து எழுத்தை முழுங்கிவிட்டது. ஏழெட்டுத் தடவை எடுத்துவிட்டுப் போனை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு மூணு வருஷம். எனக்குப் பத்து நிமிஷம்" என்றாள்.

அவர் துணியை எடுத்து எழுத்தைத் துடைக்கப் போனார்.

"அம்மா இத எதுக்கு எழுதுச்சு? உங்க மேல எதுவும் விழுந்துரக்கூடாதுன்னு எழுதுச்சு. அத வெச்சுக்கிட்டு நீங்க என்னைய..." அவள் முடிக்கவில்லை. டார்ச்சை எழுத்தின்மேல் பிடித்து, "சுரண்டுங்க" என்றாள்.

"நீ வெளிய போ. கண்ணுல விழும்."

"நான் போகல. நான் டார்ச் புடிக்கறேன். நீங்க சுரண்டுங்க."

அவர் சுரண்டியை எடுத்தார். முழுசாக ஒரு தகடு மாதிரி பெயர்ந்து வந்தால் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று ஓர் ஆசை இருந்தது. மகளுக்கும் அந்த ஆசை இருந்திருக்கும். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, நல்ல கையை ஏந்தலாக அடியில் நீட்டியிருந்தாள். ஓரத்தில் முனையை விட்டு மெதுவாக நெம்பினார். பூச்சுக்குப் பின்னால் இரும்பே இல்லை, வெறும் பொடி. பிடிப்பு இல்லாமல் பூச்சு நொறுங்கியது. தூண்டில் முள் முதலில் விழுந்தது. பிறகு எழுத்து ஒவ்வொன்றாக, கடைசியிலிருந்து முன்னால், துருவோடு துருவாக அவள் கையிலும் இருவர் முகத்திலும் விழுந்தது. பாதியில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிக்கொண்டே சுரண்டினார்.

கடைசியில் 'க' மட்டும் நின்றபோது அவர் நிறுத்தினார்.

"வெச்சேன்" என்றார். மகளிடம் சொல்லவில்லை.

சுரண்டி முடிந்து கம்பி பிரஷ் போட்டபோது, சுற்றி மிச்சமிருந்த இரும்பு வெளுக்க வெளுக்க, விரல் போன வழியெல்லாம் சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தன. வேறு யாராலும் படிக்க முடியாது. அவரால் முடிந்தது. டொக்கு வந்து அதையும் வெட்டி எடுத்துவிட்டு, தகடு வைத்து வெல்டு அடித்தார். புதுக் குழாய் போட்டார்கள். சிவப்புப் பூச்சு ஒரு கை, கருப்புப் பூச்சு ஒரு கை. மகள் கையில் ஏந்திய பொடியை எங்கே வைத்தாள், வைத்தாளா கொட்டினாளா என்று அவர் கேட்கவில்லை. கேட்கிற வாய் அவருக்கு இல்லாமல் போயிருந்தது.

ஆறு மாதம் ஆயிற்று. மணிக்கட்டு கூடிவிட்டது, முழுக்க மடங்காது. மகள் மறுபடியும் வேன் ஓட்டுகிறாள். அப்பாவிடம் சண்டை கிண்டை ஒன்றும் கிடையாது. சாப்பாடு போடுகிறாள், மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள், துறையில் கேட்ட வேடிக்கைகளைச் சொல்கிறாள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் பழையபடிதான்.

ஆயில் மாற்றுகிற ஞாயிற்றுக்கிழமை வந்தது. மட்டமான தரை, ஐந்து நிமிடம், பத்து நிமிடம், கட்டை, ஸ்டாண்டு, உலுக்கல், சக்கரம். ஐஸ்காரர் அடியில் போய்ப் படுத்து, பழக்கத்தில் மேலே பார்த்தார். மழமழவென்று கருப்பாக இருந்தது. கட்டை வைத்தோமா என்று திடீரென்று சந்தேகம் வந்து வெளியே வந்து பார்த்தார். வைத்திருந்தது. திரும்பப் படுத்தார். மறுபடியும் வெளியே வந்து பார்த்தார். இப்படி மூன்று தடவை ஆனபிறகுதான் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தார். அன்றைக்கு ஒரு சாண்கூட விடாமல் தட்டிப் பார்த்தார், சுரண்டினார், பூசினார்.

மத்தியானம் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாம் சரிம்மா" என்றார்.

"சரிப்பா" என்றாள் மகள். சுவரில் மாட்டியிருந்த டார்ச்சை எடுத்துக்கொண்டு, மடங்காத கையைப் பக்கவாட்டில் ஊன்றி, வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தாள். வெளிச்சம் முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் குழாய் வழியே மெதுவாக நகர்ந்தது. தினமும் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் அவள் செய்வதுதான் இது. இன்றைக்கு அவர் முன்னாலேயே செய்தாள்.

மனைவி வழக்கமாக வந்து நிற்கிற இடத்தில் அவர் நின்றார். நின்றதும் வாயில் அது தானாக வந்தது.

"கட்டையெல்லாம் வெச்சிருக்கும்மா."

"தெரியும்பா" என்றாள் அடியிலிருந்து. "நானும் ஒரு தடவ பாத்துட்டுத்தான் படுத்தேன்."